பாய்லருக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள்... சர்வருக்கு?

ஓசூர் சிப்காட்டில் எந்தத் தொழிற்சாலையின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்தாலும் சுவர் முழுக்கச் சான்றிதழ்தான். ஃபிரேம் போட்டு மாட்டிய ஐ.எஸ்.ஓ. 9001, வண்டி உதிரிபாகம் செய்கிற ஆலை என்றால் பக்கத்திலேயே ஐ.ஏ.டி.எஃப். 16949. உள்ளே போனால் ஆளுக்கும் அதே கணக்கு. பாய்லரைக் கவனிப்பவரிடம் அரசுத் தேர்வில் தேறிய சான்றிதழ் இருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்து வரும் நடைமுறை, 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்த பிறகும் மாறவில்லை. மின்சார வேலை பார்ப்பவர் என்றால் உரிமம் வேண்டும். அதற்காக அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு விண்ணப்பம் கேட்டு நாளிதழ்களில் செய்தி வரும். ஓர் ஆலைக்குள் ஆபத்தான பொருள் எதுவோ, அதைத் தொடுகிறவர் கையில் ஒரு காகிதம் இருந்தாக வேண்டும்.

அதே ஆலையில் அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் பின்னால் ஏ.சி. ஓடும் சின்ன அறை ஒன்று இருக்கும். சாவி ஒருவரிடம். ஆலை முழுவதும் அவரைச் 'சிஸ்டம்காரர்' என்றுதான் சொல்வார்கள். விசிட்டிங் கார்டில் 'ஐ.டி. இன்சார்ஜ்' அல்லது 'சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர்'. அந்த அறைக்குள் நுழைய எந்தச் சட்டமும் அவரிடம் எந்தக் காகிதத்தையும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய அளவுக்கு அந்த அறையில் என்ன இருக்கிறது? இரவு இரண்டாவது ஷிஃப்ட் முடியும் நேரத்தில் டிஸ்பேட்ச் பகுதியில் நின்று பார்த்தால் தெரியும். சரக்கு ஏற்றியாகிவிட்டது, லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு வணிகம் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும்போது மின்னணு விலைப்பட்டியல் கட்டாயம். அதற்கான எண்ணும் க்யூ.ஆர். குறியீடும் அரசு சர்வரிலிருந்து வர வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் இ-வே பில்லும் வேண்டும். ஓசூரிலிருந்து கிளம்பும் லாரி சில கிலோமீட்டரிலேயே ஜூஜூவாடியைக் கடந்து அத்திப்பள்ளியில் கர்நாடகத்துக்குள் நுழைந்துவிடும். ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போய்விட்டன. பறக்கும் படை போகவில்லை. ஆலையின் கணக்கையும் சரக்கையும் கவனிக்கும் ஈ.ஆர்.பி. சர்வர் படுத்துவிட்டால் பில் வராது. பார்கோடு பிரின்டர் லேபிள் அடிக்காது. லேபிள் இல்லாத பெட்டியை, வாங்குகிற கம்பெனி இறக்காது. போர்ட்டலுக்குள் போய்க் கையாலேயே பதிவு செய்யலாம் என்பார்கள். செய்யலாம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு அதைச் செய்யத் தெரிந்த ஆள் யார்? சிஸ்டம்காரரின் செல்போன்தான் அடிக்கும்.

பாய்லர் வெடித்தால் உயிர் போகும். சர்வர் படுத்தால் போகாது. சட்டம் ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டது அதனால்தான். அதில் தவறு காணவும் எனக்கு மனமில்லை. சிஸ்டம் அட்மின்களுக்கும் ஒரு அரசு லைசென்ஸ் என்று ஆரம்பித்தால் அதற்கும் ஒரு அலுவலகம், ஒரு இடைத்தரகர் என்று முளைத்துவிடும். ஆனால் சட்டம் விட்டுவைத்த இடத்தைத் தனியார் நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வு சி.சி.என்.ஏ., ரெட் ஹேட்டின் லினக்ஸ் தேர்வு ஆர்.எச்.சி.எஸ்.ஏ., மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் அட்மினிஸ்ட்ரேட்டர், அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். என்று வரிசையாக வந்துவிட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாலிடெக்னிக் முடித்த பிள்ளை இவற்றில் ஒன்றுக்குப் பணம் கட்டலாமா, கட்டினால் என்ன கிடைக்கும் என்பதுதான் இங்கே பல வீடுகளில் கேள்வி.

லோயர், ஹையர், எம்.சி.எஸ்.இ.

சான்றிதழ் மோகம் நமக்குப் புதிதல்ல. ஒரு தலைமுறைக்கு முன் 'டைப்ரைட்டிங் லோயர் முடிச்சாச்சா, ஹையர் முடிச்சாச்சா' என்பதுதான் வேலைக்கான கேள்வி. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அந்தத் தேர்வுகளை இன்றும் நடத்துகிறது. அந்தத் தேர்வில் ஒரு நேர்மை இருந்தது. குறித்த நிமிடத்துக்குள் தாளை அடித்து முடிக்க வேண்டும். தட்டச்சு தெரியாதவர் மனப்பாடம் செய்து தேற வழியே கிடையாது.

தொண்ணூறுகளில் என்.ஐ.ஐ.டி., ஆப்டெக், எஸ்.எஸ்.ஐ. பலகைகள் சின்ன ஊர்கள் வரை வந்தன. அவற்றின் பின்னாலேயே வெளிநாட்டுச் சான்றிதழ்களும். நாவெல் நிறுவனத்தின் சி.என்.இ. முதலில் பெயர் வாங்கியது, விண்டோஸ் என்.டி. வந்தபின் மைக்ரோசாஃப்ட்டின் எம்.சி.எஸ்.இ. அதை ஓரங்கட்டியது, 1998-இல் சிஸ்கோ சி.சி.என்.ஏ.வைக் கொண்டுவந்தது. கேள்விகள் பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை. விளைவு என்ன ஆகும் என்று நுழைவுத் தேர்வுகளைக் கண்ட நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய கேள்விகள் திருட்டுத்தனமாகத் தொகுக்கப்பட்டு 'டம்ப்ஸ்' என்ற பெயரில் சுற்ற ஆரம்பித்தன. சர்வரைத் திறந்தே பார்க்காதவர்கள் சான்றிதழ் வாங்கினார்கள். 'பேப்பர் எம்.சி.எஸ்.இ.' என்ற கேலிப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. கடைசியில் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு எம்.சி.எஸ்.இ.யை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கேலி மட்டுமல்ல காரணம். சர்வர்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தன, தேர்வுகளையும் அங்கே ஏற்றினார்கள். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி எம்.சி.எஸ்.இ. எழுதியவர்கள் கையில் இருப்பது இன்று ஒரு நினைவுச் சின்னம்.

இதற்கு நேர் எதிர், ரெட் ஹேட்டின் தேர்வு. ஆர்.எச்.சி.எஸ்.ஏ. எழுதப் போகிறவருக்குக் கேள்வித்தாளில் டிக் அடிக்க ஒன்றும் இல்லை. உண்மையான லினக்ஸ் இயந்திரத்தின் முன் உட்கார வைக்கிறார்கள். இணையம் கிடையாது, அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் உதவிக் குறிப்புகளை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். பூட் ஆவதை நடுவில் நிறுத்தி உள்ளே நுழையத் தெரிய வேண்டும் என்பது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. டிஸ்கில் புதிய பகுதி பிரிக்க வேண்டும், இருக்கும் பகுதியைத் தரவு அழியாமல் பெரிதாக்க வேண்டும், யாருக்கு எந்தக் கோப்பு தெரியலாம் என்று அனுமதி வைக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்தபின் மதிப்பெண் போடும் விதத்தில்தான் சூட்சுமம்: இயந்திரத்தை ஒருமுறை ரீபூட் செய்தபின்னும் நீங்கள் செய்தது நிற்க வேண்டும். கட்டமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் தப்பாக எழுதினால் இயந்திரம் மேலே ஏறாது. மற்ற வேலைகளை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் பயனில்லை. 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி.

ஆலைக்கு வேண்டியது இதுதான். கரன்ட் போய், டி.ஜி. செட் ஏறுவதற்குள் யு.பி.எஸ். கைவிட்டு, சர்வர் அணைந்து, மறுபடி வரும்போது எல்லாம் தானாக மேலே வருகிறதா? வராவிட்டால் மறுநாள் காலை ஷிஃப்ட் நிற்கும். அந்தத் தேர்வறையில் நடப்பதும் ஆலையில் நடப்பதும் ஒன்றே என்பதால்தான் சான்றிதழ்களுக்குள் அதற்கு நான் முதலிடம் தருவேன். டைப்ரைட்டிங் ஹையர் வாங்கியவரை நம்பியதுபோல அதை வாங்கியவரை நம்பலாம்.

பூட் ஆகாத இயந்திரத்தை எழுப்பத் தெரிவதன் அருமை புரிய வேண்டுமா? 2024 ஜூலை 19-ஆம் தேதி நினைவிருக்கிறதா? க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனங்களின் சிஸ்டம் அட்மின்கள் அன்று செய்த வேலை, ஒவ்வொரு இயந்திரமாகப் போய், சேஃப் மோடில் ஏற்றி, ஒரு குறிப்பிட்ட கோப்பை அழித்தது. டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதற்கான மீட்புச் சாவி வேறு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தச் சாவிகள் எல்லாம், நீலத் திரையோடு நின்றுபோன ஒரு சர்வருக்குள்ளேயே இருந்த இடங்களும் உண்டு.

காகிதம் யாருக்கு வேண்டும்?

சான்றிதழின் விலையைப் பேசும்போது பயிற்சி மையங்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. பல நேரங்களில் அந்தக் காகிதம் உங்கள் அறிவுக்காகக் கேட்கப்படுவதில்லை. கம்பெனியின் தேவைக்காகக் கேட்கப்படுகிறது. சிஸ்கோவோ மைக்ரோசாஃப்ட்டோ தங்கள் பொருளை விற்கும் கூட்டாளி நிறுவனங்களுக்குத் தரவரிசை வைத்திருக்கின்றன. மேல் தட்டுக்குப் போக இத்தனை சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. டெண்டர்களிலும் அப்படியே. அதனால் பெங்களூரு நிறுவனம் ஒன்று சி.சி.என்.ஏ. முடித்தவரை எடுக்கும்போது, அவர் சுவிட்சைச் சரியாகக் கட்டமைப்பாரா என்பதோடு, எண்ணிக்கைக்கு ஒரு தலை கூடுகிறதா என்பதையும் பார்க்கிறது.

இதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கிலோ படித்த பையனின் பயோடேட்டா பெங்களூரு எச்.ஆர். மேசையில் ஆயிரத்தில் ஒன்றாகக் கிடக்கிறது. கல்லூரியின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. வேலைவாய்ப்பு இணையதளத்தில் 'சி.சி.என்.ஏ.' என்று தட்டி வடிகட்டும்போது அந்தச் சொல் இருக்கிற பயோடேட்டா மட்டும்தான் மேலே வரும். பெரிய கல்லூரிப் பெயரும் தெரிந்த மாமாவும் இல்லாதவர்களுக்கு அந்த நாலெழுத்து ஒரு கேட் பாஸ். உள்ளே போனபின் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த எல்லைப் பகுதியின் கணக்கு தமிழகத்தின் வேறு எந்த ஊருக்கும் கிடையாது. எழுபதுகளில் சிப்காட் வந்தது. 1980-இல் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் இங்கிருந்து ஓடத் தொடங்கின. டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டனின் கடிகார ஆலை வந்தது. அண்மை ஆண்டுகளில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா, கிருஷ்ணகிரியில் டெல்டா, ஓசூரை அடுத்து டாடா எலெக்ட்ரானிக்ஸ். இன்னொரு பக்கம், ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி. காலையில் ஓசூர் பேருந்து நிலையத்தில் வடக்கே போகிற கூட்டமும் உண்டு, பெங்களூரு பக்கமிருந்து சிப்காட்டுக்கு வரும் ஸ்டாஃப் பஸ்களும் உண்டு.

சிஸ்டம் அட்மின் வேலையில் இந்த இரண்டு சந்தையும் வெவ்வேறு பாஷை பேசுகின்றன. எலெக்ட்ரானிக் சிட்டி சான்றிதழைக் கேட்கிறது. சிப்காட்டின் நடுத்தர ஆலை, 'நம்ம பிரின்டர் ஓடுமா, ராத்திரி கூப்பிட்டா வருவியா, டேலி தெரியுமா' என்று கேட்கிறது. பெரிய ஆலைகளிலோ பல சிஸ்டம்காரர்கள் ஆலையின் ஊழியர்களே அல்ல. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் அனுப்பிய 'ரெசிடென்ட் எஞ்சினீயர்'. ஒப்பந்தம் கை மாறினால் சட்டையின் லோகோவும் மாறும். ஆள் அதே நாற்காலியில். அவர்களுக்குச் சான்றிதழ் கொஞ்சம் கூடுதலாகவே உதவுகிறது, அடுத்த ஒப்பந்தக்காரரிடம் காட்ட கையில் வேறு என்ன இருக்கிறது?

எல்லை தாண்டி வேலைக்குப் போவதில் இன்னொரு கவலையும் உண்டு. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்து, தொழில்துறை கொதித்ததும் அதை நிறுத்தி வைத்தது. தினமும் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிற ஓசூர்க்காரர்கள் அந்த வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீட்டு வாசலிலேயே புழங்குகிற ஊரில், 'உள்ளூர்' யார் என்று ஒரு கோடு போட்டால் எந்தப் பக்கம் விழுவோம் என்ற கவலை எப்போதும் இருப்பதுதான்.

பாடத்தில் இல்லாத கம்ப்யூட்டர்

இனி ஆலைக்குள் வருவோம். தர ஆய்வு அறையில் சி.எம்.எம். என்று ஒரு பெரிய இயந்திரம் நிற்கும். கருங்கல் மேடை, மேலே நகரும் கை, நுனியில் சின்ன மாணிக்க உருண்டை. உதிரிபாகத்தைத் தொட்டுத் தொட்டு மைக்ரான் கணக்கில் அளக்கும். இயந்திரம் இருபது வருடம் உழைக்கும். ஆனால் அதனோடு வந்த கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் எக்ஸ்.பி.யாகவோ விண்டோஸ் ஏழாகவோ இருக்கும். மாற்றினால் அளவிடும் மென்பொருள் ஓடாது. புது மென்பொருள் வாங்கப் பல லட்சம். முதலாளி 'ஓடுதில்ல, விடு' என்பார். மானிட்டர் ஓரத்தில் 'பென் டிரைவ் போடாதே' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள், போடுவார்கள்.

2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகைச் சுற்றியபோது சென்னை ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிஸான் ஆலையும் அடி வாங்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட வேண்டிய இடத்தில் போடாத இயந்திரங்கள்தான் அன்று உலகெங்கும் மாட்டின. போட முடியாத சி.எம்.எம். போன்றவற்றை என்ன செய்வது? தனி நெட்வொர்க்காகப் பிரித்து, தேவையான ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைக்க வேண்டும். இப்படிப் பிரிப்பதற்கு வி-லேன் என்று பெயர். சி.சி.என்.ஏ. பாடத்தில் முதல் பாதியிலேயே வரும். அதே பாடத்தை டம்ப்ஸில் படித்தவருக்கு வி-லேன் எண்களின் எல்லை எது என்று தெரியும், சி.எம்.எம்.மை அதற்குள் போட வேண்டும் என்று தோன்றாது.

பெரிய கம்பெனிகளும் தப்பவில்லை. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும் நின்றன. வைரஸ் இல்லை, எதிரி இல்லை. இரண்டு நாள் முன்பு நடந்த வழக்கமான பராமரிப்பு வேலையின்போது, உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் டிஸ்க் இடம் போதாமல் போனது. மாற்று ஏற்பாடும் அதே அமைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 1-ஆம் தேதியும் அதே 14 ஆலைகள் ஒரு நாள் மூடின. அப்போது காரணம், பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா என்ற ஒரு சப்ளையர் மீது நடந்த இணையத் தாக்குதல். சப்ளையர் ஒருவரின் சர்வர் அறையால் வாங்குகிற கம்பெனியே நின்றது. ஓசூரின் சின்னச் சின்ன வெண்டர்கள் அனைவரும் மாட்டி வைத்துப் படிக்க வேண்டிய செய்தி இது.

நம் அரசும் சும்மா இல்லை. இணைய விபத்து நடந்தால், தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லாக் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்ட வேண்டும் என்று 'சி.இ.ஆர்.டி.-இன்' என்ற அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவிட்டது. சிறு, குறு நிறுவனங்களுக்குச் சில மாதம் அவகாசம் தந்தார்களே தவிர விலக்குத் தரவில்லை. ஆக, சட்டம் சிஸ்டம்காரரிடம் சான்றிதழ் கேட்காமலே அவர் தலையில் பொறுப்பை மட்டும் ஏற்றிவிட்டது. அந்தப் பொறுப்பைச் செய்யத் தெரிந்தவரா அவர் என்று ஆலை முதலாளி எப்படித்தான் தெரிந்துகொள்வார்? அவருக்கு வி-லேனும் தெரியாது, பேக்கப்பும் தெரியாது. வெளியில் ஒருவர் சோதித்துத் தந்த ஒரு காகிதம் இருந்தால் ஆரம்பத்துக்காவது உதவும். சான்றிதழுக்கு ஆதரவாக என்னிடம் உள்ள வலுவான வாதம் இதுதான்.

யார் கட்டுவது?

சி.சி.என்.ஏ. தேர்வுக் கட்டணம் 300 டாலர். வரியோடு சேர்த்தால் முப்பதாயிரம் ரூபாயைத் தொடுகிறது. தோற்றால் மறுபடி முழுப் பணம். தேறினாலும் மூன்று வருடத்தில் காலாவதி. ரெட் ஹேட் சான்றிதழுக்கும் ஆயுள் மூன்று வருடம்தான். மைக்ரோசாஃப்ட்டுடையது ஒரே வருடம்தான், ஆனால் புதுப்பிக்க இணையத்திலேயே இலவசத் தேர்வு. சம்பளம் வாங்கத் தொடங்கிய பையனுக்கு முப்பதாயிரம் என்பது விளையாட்டில்லை.

ஐ.ஏ.டி.எஃப். தணிக்கைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுகிற ஆலை, தன் சர்வர் அறையில் இருப்பவரின் தேர்வுக்குக் கட்டக் கூடாதா? சில இடங்களில் கட்டுகிறார்கள். கூடவே இரண்டு வருடத்துக்கு பாண்டு எழுதி வாங்கி, அசல் மார்க் ஷீட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிறார்கள். படித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடிவிடுவான் என்ற பயம். நியாயமான பயம்தான், தூரம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ஓடாமல் இருக்கச் சம்பளம்தான் வழி. மார்க் ஷீட்டைப் பூட்டுவது வழியல்ல. ஓடிப்போனாலும் இருந்த இரண்டு வருடத்தில் அவர் சி.எம்.எம்.மைத் தனி நெட்வொர்க்கில் போட்டுவிட்டு, பேக்கப்பை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் முப்பதாயிரம் வசூலாகிவிட்டது.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கும், நகையை அடகு வைத்தாவது சேர்க்கலாம் என்று நினைக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். முதல் ஆறு மாதத்துக்குப் பணம் தேவையே இல்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் சேர்ந்தால், சுவிட்ச், ரவுட்டர் எதுவும் வாங்காமலே பழக உதவும் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். ரெட் ஹேட் தனிநபர் பயிற்சிக்காக லினக்ஸை இலவசமாகவே தருகிறது. எட்டு ஜி.பி. ராம் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு இரண்டு சர்வர் ஓட்டலாம். ஒன்றைக் கெடுத்து, அதைச் சரிசெய்து பழகலாம். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிகள் வழியாகவே இந்த மாதிரிப் படிப்புகள் வருகின்றன. உங்கள் கல்லூரியில் எது இருக்கிறது என்று துறைத் தலைவரைக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும் இதில் ருசி இருந்தால் தேர்வு எழுதுங்கள். பெங்களூரு போகிற எண்ணம் என்றால் முதலில் சி.சி.என்.ஏ.; சர்வர்தான் பிடித்திருக்கிறது என்றால் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. இரண்டையும் ஒரே வருடத்தில் வேண்டாம்.

பயிற்சி மையத்துக்குப் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள். நீங்கள் சொல்லும் கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா? மையத்தின் பெயரில் தரும் சான்றிதழா, சிஸ்கோவோ ரெட் ஹேட்டோ தரும் சான்றிதழா? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரெட் ஹேட் சான்றிதழ்களுக்கு ஓர் எண் உண்டு. அதை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆலை முதலாளிகளுக்கும் இதையேதான் சொல்வேன்: பயோடேட்டாவில் இருக்கும் எண்ணைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.